பூட்டை எடுத்துவிட்டால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் இயங்குதளங்களின் உள்ளமைப்பைப் பற்றி வெளிவரும் தொடரை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். இயங்குதளத்தின் மையமான கெர்னலையும், நடக்கும் வேலையை நிறுத்தி உடனடிக் கவனம் கோரும் குறுக்கீட்டையும், கேஷ் நினைவகத்தையும் தமிழில் விளக்க ஒரு நாளிதழ் இடம் ஒதுக்குவது அரிய செயல். அதனால்தான், அதில் இடம்பெற்றுவிட்ட ஒரு பிழையைக் கண்டும் காணாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பூட்டில்லாத ரிங் பஃபர் பற்றிய சென்ற வாரக் கட்டுரை, பூட்டே இல்லாததால் திரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரலோட்டங்கள்) ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வழியில்லை என்று சொல்லி, அதற்குச் சான்றாக ஒரு சிறு சி நிரலையும் தந்திருந்தது. அந்தக் கூற்று தவறு. அந்த நிரலை அப்படியே எடுத்து ஒரு கைபேசியின் கெர்னலில் வைத்தால் அது என்றாவது ஒரு நாள் தவறான தரவைத் தரும்.

மோதலைத் தடுப்பதற்காகத்தான் பூட்டே வந்தது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவது எல்லோருக்கும் தெரிந்த முதல் வேலை. பூட்டைத் திறந்து வெளியேறுபவர் அதற்குமுன் எழுதியவை அனைத்தும், அடுத்துப் பூட்டைப் பிடித்து உள்ளே வருபவரின் கண்ணுக்கு முழுமையாகத் தெரியும் என்று உறுதி தருவது இரண்டாவது வேலை. பூட்டை அகற்ற நினைப்பவர் முதல் வேலைக்கு மாற்று தேடுகிறார். இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார். கட்டுரையாளரும் அதையே மறந்திருக்கிறார்.

ரிங் பஃபர் என்பது வரிசையாக வைத்த சில அறைகள். கடைசி அறைக்குப் பிறகு மீண்டும் முதல் அறைக்கு வருவதால் அது வளையம். அடுத்து எந்த அறையில் எழுத வேண்டும் என்பதைத் தலை எண்ணும், அடுத்து எந்த அறையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை வால் எண்ணும் காட்டுகின்றன. எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்ற கட்டுப்பாடு இருந்தால், தலை எண்ணை எழுதுபவர் மட்டுமே மாற்றுவார், வால் எண்ணைப் படிப்பவர் மட்டுமே மாற்றுவார்; ஒரே இடத்தில் இருவர் கைவைக்கும் நிலையே எழாது. இத்தகைய வரிசை பூட்டின்றியும் பிழையில்லாமல் இயங்கும் என்பதைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1977-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் நிறுவிக் காட்டினார். ஆனால் அந்த நிறுவலுக்கு அடியில், நிரலில் எழுதிய வரிசையிலேயே நினைவகச் செயல்கள் எல்லோருக்கும் தெரியும் என்ற அனுமானம் இருக்கிறது. அந்த அனுமானத்தைத் தனியே பிரித்து அதற்கு இலக்கணம் வகுத்தவரும் அவரே. அது 1979-இல் வந்தது. பல கருக்களை, அதாவது தனித்தனியே கணக்கிடும் அலகுகளை, கொண்ட இன்றைய பல்கருச் செயலிகள் அந்த அனுமானத்தை நிறைவேற்றுவதில்லை.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஆர்ம் செயலி கொண்ட ஒரு கருவிக்கு நான் ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதினேன். ஒரு கருவில் ஓடும் குறுக்கீட்டுக் கையாளி உணரியின் பதிவுகளை வளையத்தில் இடும்; இன்னொரு கருவில் ஓடும் கெர்னல் திரெட் அவற்றை எடுக்கும். எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்பதால் பூட்டு தேவையில்லை என்று முடிவு செய்தேன். என் மேசைக் கணினியில் அதே நிரல் வாரக்கணக்கில் குறையின்றி ஓடியது. கருவியிலோ சில நாள்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு பதிவு தவறாக வந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் அச்சிடும் வரிகளைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடும். எடுத்தால் திரும்ப வரும். வளையத்தில் 256 அறைகள் இருந்தன. தவறாக வந்த பதிவுகளின் வரிசை எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் வரவேண்டிய எண்ணைவிடச் சரியாக 256 குறைவாக இருந்தது. அதாவது, படிக்கும் திரெட் சரியான அறையைத்தான் திறந்திருக்கிறது. ஆனால் புதிய தரவு அங்கே தெரிவதற்கு முன்பே திறந்துவிட்டதால், போன சுற்றில் அங்கே இருந்த பழைய பதிவை எடுத்துச் சென்றிருக்கிறது.

பந்தி பரிமாறுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். எச்சில் இலையை எடுத்து, புது இலை போட்டு, சோறு வைத்த பிறகுதான் அடுத்த பந்திக்கு ஆள் அழைக்க வேண்டும். சமையற்கட்டிலிருந்து சோறு ஒரு வழியாகவும் அழைப்பு இன்னொரு வழியாகவும் போகிறது என்றால், சோற்றை முதலில் அனுப்பியிருந்தாலும் அழைப்பு முந்திப் போய்ச் சேர்ந்துவிடலாம். வந்து உட்காருபவர் முன்னால் பழைய இலையே கிடக்கும். வளையத்தில் பதிவை எழுதுவதுதான் சோறு வைப்பது, தலை எண்ணைக் கூட்டுவதுதான் அழைப்பு. முதலில் பதிவு, பிறகு தலை எண் என்று நிரலில் எழுதியிருந்தாலும், நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் அவற்றை இடம் மாற்றலாம். கம்பைலர் மாற்றாவிட்டாலும், ஆர்ம், பவர்பிசி போன்ற செயலிகள் ஒரு கருவின் இரண்டு எழுத்துகளை (நினைவகத்தில் எழுதும் செயல்களை) மற்றொரு கருவுக்கு வேறு வரிசையில் காட்டலாம். படிக்கும் பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. தலை எண்ணை வாசிப்பதற்கு முன்பே அறைக்குள் இருப்பதை முன்கூட்டி வாசித்துவைக்க அந்தச் செயலிகளுக்கு உரிமை இருக்கிறது.

பெரும்பாலான மேசைக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 செயலிகள் இந்த விஷயத்தில் கண்டிப்பானவை. அவற்றில் ஒரு கரு செய்யும் சாதாரண எழுத்துகள் எழுதிய வரிசையிலேயே பிறருக்குத் தெரியும். வாசிப்புகளும் வரிசை மாறாதவை போலவே நடந்துகொள்ளும். ஓர் எழுத்துக்குப் பின்வரும், வேறு இடத்துக்கான வாசிப்பு மட்டுமே முந்திக்கொள்ள முடியும். அதனால்தான் என் மேசைக் கணினி பிழையை எனக்குக் காட்டவில்லை. கட்டுரையாளர் தம் மடிக்கணினியில் பல கோடி முறை ஓட்டிப் பார்த்ததாகச் சொல்லும் சோதனையும் அதே காரணத்தால் எதையும் நிறுவவில்லை. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அவற்றின் செயலி அநேகமாக ஆர்ம். சென்னை ஐஐடியில் வடிவமைக்கப்பட்ட சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பின் அடிப்படை நினைவக விதிகளும் தளர்வானவையே. வரிசை வேண்டுமென்றால் நிரலாளர்தான் அதைக் கேட்டுப் பெற வேண்டும். எக்ஸ்86-ஐ மட்டும் மனத்தில் வைத்துக் கெர்னல் நிரல் எழுதும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

என் பிழையைத் தீர்த்தவை இரண்டே வரி மாற்றங்கள். தலை எண்ணை வெறுமனே எழுதாமல் ஸ்டோர்-ரிலீஸ் மூலம் எழுத வேண்டும்; அதற்கு முன் எழுதியவை அனைத்தும் தெரிந்த பிறகே அந்த எண் தெரியும் என்பதை அது உறுதிசெய்கிறது. படிப்பவர் அந்த எண்ணை லோடு-அக்வயர் மூலம் வாசிக்க வேண்டும். அதன் பின்னால் வரும் வாசிப்புகள் எதுவும் அதை முந்திச் செல்லாது. இவை இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றொன்றை விட்டால் பயன் இல்லை. வால் எண்ணுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்; இல்லாவிட்டால் படிப்பவர் இன்னும் படித்து முடிக்காத அறையின் மேல் எழுதுபவர் எழுதிவிடுவார். லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களில் வட்டப் பஃபர்களுக்கென்றே உள்ள பகுதி இந்த ஜோடிகளைத்தான் எடுத்துக்காட்டுடன் விளக்குகிறது. கெர்னலில் இத்தகைய வளையங்களுக்கென உள்ள கேஃபிஃபோ நூலகமும், பதிவை அறைக்குள் நகலெடுத்த பின் ஒரு மெமரி பாரியர் (நினைவகச் செயல்கள் வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) வைத்துவிட்டுத்தான் தன் எண்ணைக் கூட்டுகிறது.

கற்றுத் தேர்ந்தவர்களும் இதில் சறுக்குவார்கள் என்பதற்குக் கெர்னலிலேயே சான்று உண்டு. செயல்திறனை அளக்கும் பெர்ஃப் என்னும் வசதி 2009-இல் லினக்ஸில் சேர்ந்தது. கெர்னல் ஒரு பக்கம் எழுத, பயனர் நிரல் மறுபக்கம் படிக்கும்படி நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் ரிங் பஃபர் அதில் உள்ளது. அதில் வேண்டிய ஒரு மெமரி பாரியர் இல்லை என்பதைப் பவர்பிசி பக்கம் பணியாற்றியவர்கள் கவனித்துச் சொன்ன பிறகு, 2013-இல்தான் அது சரிசெய்யப்பட்டது. உலகிலேயே அதிகமான கண்கள் பார்க்கும் நிரல்களில் ஒன்றில் இப்படி நடந்திருக்கிறது. தளர்ந்த நினைவக விதிகள் உள்ள ஒரு செயலியோடு பழகியவர்கள் பார்த்ததால்தான் அது பிடிபட்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கட்டுரை கெர்னலைப் பற்றிப் பேசிய இன்னோர் இடத்தையும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பூட்டில்லாத வளையத்தின் பயன் வேகம் மட்டுமே என்று வாசகர் எண்ணும்படி அது எழுதப்பட்டிருந்தது. கெர்னலில் பூட்டைத் தவிர்ப்பதற்கு வேகத்தைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு கருவில் ஓடும் நிரல் ஸ்பின்லாக் பூட்டை (கிடைக்கும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போது, அதே கருவில் குறுக்கீடு வந்து, அதைக் கையாளும் நிரலும் அதே பூட்டைக் கேட்டால், பூட்டை வைத்திருப்பவர் நகர முடியாது, கேட்பவர் விட்டுப் போக முடியாது. அந்தக் கரு அங்கேயே உறைந்துவிடும். பூட்டைப் பிடிக்கும்முன் குறுக்கீடுகளை முடக்கி இதைத் தவிர்க்கலாம். ஆனால் முடக்கவே முடியாத குறுக்கீடு என்று ஒரு வகை உண்டு. கணினி உறைந்துவிட்டதைக் கண்டறிவது போன்ற வேலைகளுக்கு அதைத்தான் நம்பியிருக்கிறோம். அந்தச் சூழலிலிருந்து ஒரு செய்தியைப் பதிவுசெய்ய வேண்டுமென்றால், பூட்டுக்காகக் காத்திருக்கும் எந்த ஏற்பாடும் உதவாது.

எழுதுபவர் பலர் என்று ஆகும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. கட்டுரை இதை ஒரே வரியில், தலை எண்ணை அணுச்செயலாக (நடுவில் யாரும் குறுக்கிட முடியாத ஒரே செயலாக) கூட்டினால் போதும் என்று கடந்துவிட்டது. போதாது. இரண்டு திரெட்டுகள் அப்படிக் கூட்டி, ஒன்று 5-ஆம் அறையையும் மற்றொன்று 6-ஆம் அறையையும் பெற்றன என்று வைத்துக்கொள்வோம். 6-ஆம் அறைக்காரர் முதலில் எழுதி முடிக்கிறார். 5-ஆம் அறைக்காரரைக் குறுக்கீடு ஒன்று நடுவில் நிறுத்திவிட்டது. தலை எண்ணோ 7 என்று காட்டுகிறது. படிப்பவர் அதை நம்பி 5-ஆம் அறையைத் திறந்தால், பாதி எழுதிய பதிவோ போன சுற்றின் பதிவோதான் கையில் வரும். எனவே இடத்தை ஒதுக்குவது வேறு, எழுதி முடித்ததை அறிவிப்பது வேறு என்று இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பலர் எழுதும் பூட்டில்லாத வளையங்களின் நுட்பமெல்லாம் இந்தப் பிரிவினையை எப்படிச் செய்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

கெர்னலுக்குள் நடப்பதைத் தடம்பற்றும் எஃப்ட்ரேஸ் வசதிக்காக ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய வளையம் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அது ஒவ்வொரு கருவுக்கும் தனி வளையம் கொடுத்துவிடுகிறது. ஆகவே ஒரு வளையத்தில் எழுதுபவர்கள் ஒரே கருவில் ஓடுபவர்கள் மட்டுமே. அவர்களில் ஒருவரை மற்றொருவர் இடைமறிக்க முடியும் என்றாலும், இடைமறித்தவர் முழுவதும் முடித்த பிறகுதான் இடைமறிக்கப்பட்டவர் தொடர முடியும். தட்டுகளை அடுக்கி எடுப்பதுபோல் கடைசியாக வந்தவரே முதலில் வெளியேறுவார். அதனால், முதன்முதலில் எழுதத் தொடங்கியவரே இறுதியில் எல்லோருக்குமாகச் சேர்த்து அறிவித்துவிடலாம். குறுக்கீடுகளின் இயல்பைப் புரிந்துகொண்டவரால் மட்டுமே இந்த எளிமையை எட்ட முடியும்.

கெர்னல் தன் செய்திகளை எழுதும் பிரின்ட்கே வளையத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லாக் கருக்களும், எல்லாச் சூழல்களிலிருந்தும், ஒரே வளையத்தில் எழுத வேண்டும். நிரம்பினால் பழைய செய்திகளின் மேலேயே எழுத வேண்டும். மேலே எழுதுவது என்று வந்துவிட்டால், வால் எண்ணைப் படிப்பவர் மட்டுமே மாற்றுவார் என்ற பழைய ஒப்பந்தமும் உடைந்துபோகிறது. நெடுங்காலம் ஒரே பூட்டைச் சார்ந்திருந்த அதற்கு, ஜான் ஓக்னஸ் உருவாக்கிய பூட்டில்லாத வளையம் 2020 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 5.10-இல் இடம்பெற்றது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு விவரக்குறிப்பு உண்டு. அது ஒதுக்கப்பட்டதா, எழுதி முடிக்கப்பட்டதா, இனி மாறாது என்று உறுதிசெய்யப்பட்டதா, மறுபயன்பாட்டுக்கு விடப்பட்டதா என்ற நிலையையும் அதன் அடையாள எண்ணையும் ஒரே சொல்லில் (செயலி ஒரே முறையில் கையாளும் பிட்களின் தொகுதி) வைத்து, பழைய மதிப்பு மாறாமல் இருந்தால் மட்டுமே புதியதை எழுதும் கம்பேர்-அண்ட்-ஸ்வாப் கட்டளையால் மாற்றுகிறார்கள். படிப்பவர் செய்தியை நகலெடுத்த பின் அந்தச் சொல்லை மீண்டும் ஒருமுறை வாசித்து, நகலெடுக்கும் நேரத்தில் யாரும் மேலே எழுதிவிடவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் அதை ஏற்கிறார். 32 பிட் கணினியில் நிலைக்கு 2 பிட் போக 30 பிட் அடையாள எண்ணுக்கு மிஞ்சுகிறது. ஒரு திரெட் நின்றிருந்த நேரத்தில் அந்த எண் முழுச் சுற்று சுற்றிப் பழைய மதிப்புக்கே வந்துவிட்டால் எதுவும் மாறவில்லை என்று ஏமாற நேரிடும் என்பதையும் அந்த நிரலின் குறிப்புகள் மறைக்காமல் பேசுகின்றன. அந்த நிரலில் உள்ள மெமரி பாரியர்களுக்குப் பெயரிட்டு, எந்த எழுத்து எந்த வாசிப்போடு ஜோடி என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் படிக்க வேண்டிய நிரல் எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பூட்டில்லாதது என்றாலே உயர்ந்தது என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. 2020 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 5.8-இல் சேர்ந்த, கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் பிபிஎஃப் வசதியின் ரிங் பஃபர், பல கருக்கள் ஒரே வளையத்தில் எழுதுவதற்காக உருவானது. அதில் இடம் ஒதுக்கும் அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் ஸ்பின்லாக் பூட்டையே பயன்படுத்தினார்கள். முடக்க முடியாத குறுக்கீட்டிலிருந்து அழைத்தால் அது பூட்டுக்காகக் காத்திருக்காமல் முயன்று பார்த்து, கிடைக்காவிட்டால் தோல்வி என்று திருப்பி அனுப்பிவிடும். எழுதி முடித்ததை அறிவிப்பதற்குப் பூட்டு இல்லை. தேவை என்னவென்று அளந்து பார்த்து எடுத்த முடிவு அது. பூட்டு இருப்பதற்காக யாரும் வெட்கப்படவில்லை.

சோதனை எதையும் நிறுவாது என்றால் எதை நம்புவது என்ற கேள்வி நியாயமானது. 2018-இல் லினக்ஸ் 4.17-உடன், கெர்னலின் நினைவக விதிகளை முறைப்படி எழுதிய மாதிரி ஒன்று கெர்னல் மூலத்திலேயே சேர்க்கப்பட்டது. சந்தேகமான நான்கைந்து வரிகளை லிட்மஸ் சோதனையாக எழுதி, ஹெர்ட்7 என்னும் கருவியிடம் கொடுத்தால், அந்த விதிகளின்படி நிகழக்கூடிய எல்லா முடிவுகளையும் அது கணக்கிட்டுக் காட்டும். என் டிரைவரின் பிழையை நான் வாரக்கணக்கில் தேடினேன். அதையே இன்று அந்தக் கருவிக்குக் கொடுத்தால் ஒரு நொடிக்குள் சொல்லிவிடும். ஓடும் கெர்னலில் காவலற்ற பகிர்வுகளைக் கண்டுபிடிக்கும் கேசிசான் என்னும் கருவியும் 2020 முதல் கெர்னலோடு வருகிறது. நம் பொறியியல் கல்லூரிகளின் இயங்குதள ஆய்வகங்களில் மியூடெக்ஸ், செமஃபோர் ஆகிய பூட்டு போன்ற கருவிகளோடு பாடம் நின்றுவிடாமல், ஒரே ஒரு வகுப்பாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரிய செலவில்லை; ராஸ்பெர்ரி பை 4 பலகையில் வரிசை மாற்றி இயங்கக்கூடிய நான்கு ஆர்ம் கருக்கள் இருக்கின்றன. மாணவர் தம் கண்ணாலேயே தரவுக்கு முன் எண் வந்து சேர்வதைப் பார்க்க வாய்ப்புள்ள கருவி அது.

இறுதியாக, தங்கள் இணைப்பில் திருத்தம் வெளியிடுவதற்கு உதவியாகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். கட்டுரையின் நிரலில் தலை எண்ணையும் வால் எண்ணையும் எழுதும் இரண்டு வரிகளும் ஸ்டோர்-ரிலீஸாகவும், எதிர்ப்பக்கத்தின் எண்ணை வாசிக்கும் இரண்டு வரிகளும் லோடு-அக்வயராகவும் மாற வேண்டும். எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்ற நிபந்தனையும், இரு பக்கமும் நின்ற பிறகே வளையத்தை வெறுமையாக்கலாம் என்ற நிபந்தனையும் நிரலின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். இவை தவிர, கட்டுரையாளர் கவனிக்காத இன்னொரு பிழையும் உள்ளது. அவர் 100 அறைகள் வைத்து, 32 பிட் எண்ணைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போய், 100-ஆல் வகுத்த மீதியை அறை எண்ணாகக் கொள்கிறார். அந்த எண் 4294967295-ஐத் தொட்ட பின் பூச்சியத்துக்குத் திரும்பும். அப்போது அறை எண் 95-இலிருந்து நேரே பூச்சியத்துக்குத் தாவும். அந்த நேரத்தில் வளையம் ஏறக்குறைய நிரம்பியிருந்தால், இன்னும் படிக்காத பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். நொடிக்கு 1000 பதிவு என்று கணக்கிட்டால் இது ஏறத்தாழ 50-ஆவது நாளில் நிகழும். அறைகளின் எண்ணிக்கையை 128 என்று மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். கேஃபிஃபோ எப்போதும் இரண்டின் அடுக்காகவே அளவு கேட்பதும் இத்தகைய எண்ணோட்டத்தில் பிழை வராமல் இருப்பதற்குத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மென்பொருள் பொறியாளர்,
கோயம்புத்தூர்